வலப்பக்கம் பாருங்கள்

ரிம்மாவுக்கு ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. வலப்பக்கம்.

தண்ணீர் வேண்டுமென்றால் வலப்பக்கம் என்றாள். தலையணை சரிந்தால் வலப்பக்கம் என்றாள். மகள் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து தொலைபேசியில் அழைத்து அழுதபோது, கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு, குழந்தையைத் தேற்றும் குரலில் வலப்பக்கம், வலப்பக்கம் என்றாள்.

பக்கவாதத்தில் அவளுடைய வலக்கையும் வலக்காலும் போயிருந்தன. செயலிழந்ததும் வலப்பக்கம். மிஞ்சியதும் வலப்பக்கம்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஊரில் பலருக்கும் தெரியும். ரிம்மா ப்ஸ்கோவ் நகரத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி. லெனின்கிராதிலிருந்தும் ரீகாவிலிருந்தும் வந்தவர்கள் எல்லோரும் அவள் குரலில்தான் இந்த ஊரைப் பார்த்தார்கள். நான் அந்தச் சுற்றுலாப் பேருந்தின் ஓட்டுநர்; பிறகு அவளுடைய கணவன். அவள் என் பக்கத்தில் நின்று, பயணிகளைப் பார்த்துத் திரும்பி, மைக்கைப் பிடித்துக்கொள்வாள். கோட்டை, ஆறு, தேவாலயங்கள் எல்லாம் பயணிகளின் வலப்பக்கம் வரும்படி நான் பாதையை அமைத்திருந்தேன். எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும்; பேருந்தின் கதவு வலப்பக்கம், ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். இடப்பக்கம் எதிரே வரும் லாரிகள்தான் தெரியும். வலப்பக்கம் பாருங்கள், திரித்துவப் பேராலயம். வலப்பக்கம் பாருங்கள், பீரங்கி உடைத்த சுவர். வாழ்நாளில் அவள் அதிகம் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க இங்கா என்ற பெண் வந்தாள். இளம்பெண். சிவப்புக் குல்லாய். ஆப்பிள், கோப்பை, பூனை என்று படம் போட்ட அட்டைகளை மேசையில் பரப்பினாள். ரிம்மா பூனையைப் பார்த்தாள். இங்காவைப் பார்த்தாள். வலப்பக்கம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அட்டைகளை இடக்கையால் அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

வாசலில் இங்கா என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அவங்களுக்கு எல்லாமே புரியுது, வெனியமின் பாவ்லவிச். உள்ள எதுவும் தொலையலை. இந்த ஒரு சொல்லு வாசல்ல குறுக்க நிக்குது. இன்னொண்ணு வந்துட்டா அதுக்குப் பின்னாடி மத்ததும் வரும்."

"எப்போ வரும்?"

"பனி விழறதுக்குள்ள வந்தா நல்லது. நாளாக ஆக இறுகிப்போயிடும்."

"எந்தச் சொல்லு வரணும்?"

"எதுவா இருந்தாலும் சரி. உங்களத் திட்டுனாலும் சரி."

"அதுல அவளுக்குப் பழக்கம் உண்டு," என்றேன்.

அப்போது செப்டம்பர் தொடங்கியிருந்தது.

அந்த வாரம் மேல்வீட்டுத் தமாரா காய்ந்த பொடிமீன் வைத்துச் சுட்ட பணியாரம் கொண்டுவந்தாள். எங்கள் ஏரியில் பிடிக்கும் மீன். ரிம்மாவுக்குப் பிடிக்கும். தமாரா பேசிக்கொண்டே இருப்பவள். பேச்சு நின்றுபோன வீட்டில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"போக்ரோவ் கோபுரத்துக்கு மறுபடியும் சாரம் கட்டுறாங்க," என்றாள் தமாரா. "கூரை ஒழுகுதாம். நெப்போலியன் உடைச்சதுலேருந்து அதுக்கு நல்ல காலமே வரலை."

ரிம்மாவின் கரண்டி தட்டில் விழுந்தது. முகம் சிவந்தது. இடக்கை மேசையை அடித்தது.

"வலப்பக்கம்," என்றாள். "வலப்பக்கம், வலப்பக்கம்."

"ஐயோ, உப்பு கூடிடுச்சா?" என்று தமாரா எழுந்தாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. அந்த முகத்தை நான் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன். பயணிகளில் யாராவது வரலாற்றைத் தப்பாகச் சொன்னால் அந்த முகம் வரும். நெப்போலியன் ப்ஸ்கோவுக்கு வந்ததே இல்லை. அந்தக் கோபுரத்தருகே கோட்டைச் சுவரை உடைத்தவன் போலந்து மன்னன் பதோரி. அவன் நெப்போலியனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியவன். இது அவளுடன் ஒரே ஒரு கோடைக்காலம் பேருந்து ஓட்டியவனுக்குக்கூடத் தெரியும்.

நான் அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் என்று வருவதற்கு முன்னால் ஒரு கணம் இரண்டு உதடுகளும் சேர்ந்து மூடின. வலப்பக்கம் என்று தொடங்க உதடு அப்படிச் சேராது. பதோரி என்று தொடங்கத்தான் சேரும்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கினேன்.

திட்டம் எளிமையானது. ஒரு நாளைக்கு ஒரு நூற்றாண்டு. அவளைத் தள்ளிக்கொண்டு போய் அந்தந்த இடத்தில் நிறுத்தி, அவள் சொன்ன கதையை அவளுக்கே சொல்வது. தப்பாகச் சொல்வது. சரியானது எனக்கு மனப்பாடம். தப்பைத்தான் முந்தைய மாலையே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் நாள் கோட்டை. எங்கள் ஊரில் க்ரோம் என்போம். வெலிகயா ஆற்றில் ப்ஸ்கோவா ஆறு வந்து கலக்கும் முனையில், நீருக்கு மேலே வெள்ளைச் சுவரும் பேராலயமும் நிற்கின்றன. கீழே கரையில் நாற்காலியை நிறுத்தினேன். பக்கத்தில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். மத்வேய் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் தொண்டையைச் செருமினேன்.

"அன்பார்ந்த பயணிகளே. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி இங்க வெறும் காடு. ஒல்கா இளவரசி எதிர்க்கரையில நின்னு பார்த்தா. வானத்துலேருந்து மூணு ஒளிக்கதிர் இந்த முனையில விழுந்துச்சு. இங்க ஒரு ஆலயம் வரும், ஒரு நகரம் வரும்னு சொன்னா. ஒல்கா எங்க ஊரு நோவ்கோரத்துப் பொண்ணு. அங்கேருந்து சும்மா சுத்திப்பார்க்க வந்தவ."

ரிம்மாவின் புருவம் உயர்ந்தது. மூச்சு இழுத்தாள்.

"பெரியவரே," என்றார் மத்வேய், தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒல்கா நம்ம ஊருப் பொண்ணு. இதே ஆத்துக்கு மேலாண்ட பொறந்தவ."

"உங்களக் கேட்டேனா?"

"கேக்கல. தப்பாச் சொன்னா காது வலிக்குது."

ரிம்மா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். மூச்சை விட்டாள். அவள் வேலையை வேறொருவர் முடித்துவிட்டார்.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். இந்த ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கடன் கேட்கலாம், வழி கேட்கலாம். வரலாற்றைத் தப்பாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அடுத்த நாள் நேரே பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குத் தாவினேன். அந்தக் காலத்தில் லிதுவேனியாவிலிருந்து தப்பி வந்த தாவ்மொந்த் என்ற இளவரசனை ப்ஸ்கோவ் மக்கள் தங்களுக்குத் தலைவனாக ஆக்கிக்கொண்டார்கள். நான் அவனை ஜெர்மானியன் என்றேன். மஞ்சள் பீப்பாயில் க்வாஸ் என்ற ரொட்டிப் பானம் விற்கும் பெண் குவளையைக் கழுவிக்கொண்டே திரும்பினாள்.

"தாவ்மொந்த் லிதுவேனியாக்காரருங்க. ஜெர்மன்காரங்கள ஓட ஓட விரட்டினவரைப் போய் ஜெர்மன்னு சொல்றீங்களே. ஒரு குவளை குடிங்க. வெயில் தலைக்கு ஏறிடுச்சு."

ரிம்மா மறுபடியும் தலையசைத்தாள். மறுபடியும் மூச்சை விட்டாள்.

நான் பீப்பாய்க்குப் பின்னால் போய் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதே," என்றாள். "இவங்கதானே எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டுனது. இனிமே நீங்க என்ன உளறினாலும் வாயத் திறக்க மாட்டேன். மத்தவங்ககிட்டயும் சொல்லிடறேன்."

"நெறைய பேர்கிட்ட சொல்ல வேணாம்."

"சேச்சே," என்றாள்.

இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

பதினான்காம் நூற்றாண்டு எங்கள் இருவருக்கும் சொந்தமானது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் நோவ்கோரத்துக்காரன். பழைய காலத்தில் ப்ஸ்கோவ் எங்களுக்கு அடங்கிய ஊர். ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தெட்டில் எங்கள் ஆட்கள் ப்ஸ்கோவை விடுவித்து, இனி நீ எங்கள் தம்பி என்று உடன்படிக்கை செய்தார்கள். நான் ப்ஸ்கோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், புது வழிகாட்டியாக இருந்த ரிம்மா மைக்கில் அதை விளக்கினாள்.

"தம்பின்னு சொன்னாங்க. அதாவது, இனிமே இவங்ககிட்ட நாட்டாமை பண்ண முடியாதுன்னு ஒத்துக்கிட்டாங்க."

"தம்பி தம்பிதான்," என்றேன் நான், திருப்பத்தில் வண்டியை ஒடித்துக்கொண்டே. அவள் மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"ஓட்டுநர் சாலையைப் பார்த்து ஓட்டவும்."

பேருந்தே சிரித்தது. அடுத்த பயணத்திலும் நான் சொன்னேன், அவள் சொன்னாள். பிறகு அது சுற்றுலாவின் ஒரு பகுதியாகிவிட்டது. வீட்டிலும் அதே கதைதான். கோபம் வந்தால் என்னைக் கூழ்தின்னி என்பாள். எங்கள் நோவ்கோரத்து ஆட்களுக்கு அந்தப் பெயர் உண்டு. நான் அவளை ஆணி அடிக்கிறவளே என்பேன். ப்ஸ்கோவ்காரர்கள் கொல்லர்கள், இரும்பு அடித்துப் பிழைத்தவர்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் செய்யும் கேலி. கோபம் தீர்ந்தால் தம்பி என்பேன். அவள் சாலையைப் பார் என்பாள்.

சந்தைச் சதுக்கத்தில் நாற்காலியை நிறுத்தி உடன்படிக்கையைச் சொன்னேன். அன்று தப்பு எதுவும் சேர்க்கவில்லை.

"தம்பி தம்பிதான்," என்று முடித்தேன்.

காத்திருந்தேன்.

அவள் சிரித்தாள். நோய்க்குப் பிறகு வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கும். அவள் பதிலுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மைக்கைப் பிடிப்பதுபோல இடக்கை மேலே வந்தது.

"வலப்பக்கம்," என்றாள்.

கை சிறிது நேரம் மேலேயே இருந்தது. பிறகு மடிக்குப் போனது.

நான் குனிந்து அவளுடைய காலுறையைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அடுத்த நாட்களில் மழை இல்லாதபோதெல்லாம் வெளியே போனோம். மாஸ்கோ ஆட்சி ப்ஸ்கோவின் சபை மணியை இறக்கிக் கொண்டுபோன கதைக்கு வந்தோம். அந்த மணி அடித்தால்தான் மக்கள் கூடி முடிவெடுப்பார்கள். மணி போன அன்று ஊரே அழுததாம். எடுத்துப்போனவன் மூன்றாம் வசீலி. அவன் மகன் பயங்கர இவான் எடுத்துப்போனதாக நான் சொன்னேன். மத்வேய் பக்கத்தில் தூண்டிலோடு நின்றிருந்தார். அவர் கழுத்து மெல்லச் சிவந்தது. தூண்டில் கயிற்றைப் பரபரவென்று சுற்றினார். நுனியில் ஒன்றும் இல்லை.

"என்ன மத்வேய், மீனா?" என்றேன்.

"பெரிய மீன்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "தொண்டையிலயே நிக்குது."

ரிம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வலப்பக்கம் என்றாள். குரல் சற்று வேறு மாதிரி இருந்தது. அவளுக்கு விஷயம் புரிந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டின் முடிவுக்காக நான் பெரிய தப்பு ஒன்றை வைத்திருந்தேன்.

போக்ரோவ் கோபுரத்தின் பக்கத்தில்தான் பதோரியின் பீரங்கிகள் சுவரை உடைத்தன. போலந்துப் படை உடைப்பு வழியாக உள்ளே புகுந்தது. ஆண்கள் உள்ளே தடுத்தார்கள். பெண்கள் கல் சுமந்தார்கள், கொதிக்கும் தாரை ஊற்றினார்கள், பிறகு அவர்களும் ஆயுதம் எடுத்தார்கள். குளிர்காலம் முழுக்க முற்றுகை. ஊர் விழவில்லை. ரிம்மா இதைச் சொல்லும்போது பேருந்தில் யாரும் மிட்டாய்க் காகிதம்கூடப் பிரிக்க மாட்டார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோபுரத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் கூட்டம். க்வாஸ் விற்கும் பெண்ணும் விடுமுறை நாள் உடையில் நின்றிருந்தாள். பலர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இத்தனை பேர் முன்னால் என்றால் அவளால் தாங்க முடியாது, சொல் வெடித்து வந்துவிடும் என்று நினைத்தேன்.

பீரங்கியைச் சொன்னேன். உடைப்பைச் சொன்னேன். பிறகு சொன்னேன்.

"பெண்களெல்லாம் பயந்து ஓடிட்டாங்க. ப்ஸ்கோவ் விழுந்துடுச்சு."

ஒரு கிழவர் கைத்தடியைத் தரையில் ஊன்றித் திருகிக்கொண்டிருந்தார். க்வாஸ் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். பேருந்து வந்தது, கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை. அத்தனை பேரும் ரிம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் அவர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன, சேர்ந்தன. கழுத்து நரம்பு புடைத்தது.

"வலப்பக்கம்," என்றாள்.

மெல்லத்தான் சொன்னாள். பிறகு முகத்தைத் தோளுக்குள் திருப்பிக்கொண்டாள்.

நாற்காலியைத் திருப்பினேன். வீட்டில் முட்டைக்கோஸ் சூப்பைச் சூடாக்கினேன். அவள் தொடவில்லை.

மறுநாள் இங்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குல்லாயைக் கழற்றாமலே கேட்டாள்.

"கோபம் வந்தா நல்லதுன்னு நினைச்சீங்க."

"வந்துச்சே. பணியாரம் தின்னப்போ வந்துச்சே."

"அது வேற. அன்னிக்கு யாரும் அவங்க வாயப் பார்த்துக்கிட்டு நிக்கல." குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உங்க மேல தப்புச் சொல்லல, வெனியமின் பாவ்லவிச். ஆனா அவங்கள வெளிய கூட்டிட்டுப் போறத நிறுத்திடாதீங்க. பரீட்சை வைக்கிறத மட்டும் நிறுத்திடுங்க."

அவள் போன பிறகு நான் ரிம்மாவின் எதிரே உட்கார்ந்தேன்.

"இனிமே சரியாத்தான் சொல்வேன்," என்றேன். "விட்ட எடத்துலேருந்து. வர்றியா?"

அவள் நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு இடக்கையை நீட்டினாள். மேலங்கியை எடு என்று அர்த்தம்.

மீதி நூற்றாண்டுகளைச் சரியாகச் சொன்னேன். பதோரிக்குத் திறக்காத கதவு சுவீடன்காரனுக்கும் திறக்கவில்லை என்று சொன்னேன். பீட்டர் மன்னர் காலத்தில் கோட்டையைப் பலப்படுத்த மண்ணைக் கொட்டியபோது சின்ன தேவாலயங்கள் அதற்கடியில் புதைந்துபோனதைச் சொன்னேன். பிறகு எல்லை மேற்கே தள்ளிப்போனது. காவல் காக்க ஒன்றும் இல்லாமல் ஊர் தூங்கிப்போனது. ரயில் நிலையத்துக்குப் போனோம். கடைசி மன்னர் தன் ரயில்பெட்டியில் கையெழுத்துப் போட்டு முடியைத் துறந்த இடம். நடைமேடையில் ஒருத்தி வறுத்த சூரியகாந்தி விதை விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு பொட்டலம் வாங்கினேன். ரிம்மா இடக்கையால் ஒவ்வொன்றாக எடுத்து உடைத்துத் தின்றாள். தோலை என் சட்டைப் பையில் போட்டாள்.

யாரும் எங்களைத் திருத்தவில்லை. திருத்த ஒன்றும் இல்லை. மத்வேய் ஒருநாள் என் கையில் மீன் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார்.

அக்டோபரில் போர்க்காலத்துக்கு வந்தோம். அந்த இடத்தை அவள் பயணிகளுக்கு ஒருபோதும் காட்டியதில்லை. ஆற்றோரத்தில் தடித்த சுவர் கொண்ட ஒரு சிறிய தேவாலயம். ஜெர்மானியர்கள் விட்டுப்போன ஊரில் கூரையோடு நின்ற வீடுகள் மிகக் குறைவு. ரிம்மாவும் அவள் அம்மாவும் திரும்பி வந்து, அந்தத் தேவாலயத்தின் நிலவறையில் இரண்டு குளிர்காலம் இருந்தார்கள். அவள் சின்னக் குழந்தை. சுவரில் ஈரம் உறைந்து வெள்ளையாகப் பூத்திருக்கும் என்றும், அதை நகத்தால் சுரண்டிப் படம் வரைவாள் என்றும் என்னிடம் ஒருமுறை சொன்னாள். கல்யாணமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரே ஒரு முறை.

அதை அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன்.

சொல்லி முடித்ததும் அவள் இடக்கையை எடுத்து நாற்காலியின் பிடியில் இருந்த என் கைமேல் வைத்தாள். அவளிடமிருந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அதற்குப் பிறகு நூற்றாண்டில் மீதி இருந்தது நாங்கள்தான்.

க்ரெமியாச்சயா கோபுரம் ப்ஸ்கோவா ஆற்றின் மேல் தனியாக நிற்கிறது. உள்ளே ஓர் இளவரசி தூங்குவதாகக் கதை உண்டு. பயணிகளுக்கு அது மிகவும் பிடிக்கும். அன்று குளிர் கடித்தது. வானம் தகரம்போல இருந்தது. பனி இன்னும் விழவில்லை. கீழே வளைவில் மத்வேய் தூண்டிலோடு நின்றிருந்தார். குளிர் அதிகமானதும் பெரிய ஆற்றை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவார். கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

சக்கரங்களுக்குக் கல் வைத்து நாற்காலியைப் பாதையில் நிறுத்தினேன். ரிம்மாவின் சால்வையை இழுத்துவிட்டேன். நான் களைத்திருந்தேன். எந்தத் திட்டமும் இல்லை.

"இது நம்ம கதை," என்றேன். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு. இதே மாதிரி ஒரு மழைக்காலம். பஸ்ஸ இதோ இங்க நிறுத்தியிருந்தேன். பயணிங்க எல்லாம் இளவரசியப் பார்க்க மேல ஏறிட்டாங்க. நீ கடைசியா இறங்கினே. கதவுகிட்ட வச்சு நான் கேட்டேன், எங்கூட வாழ்றியான்னு. நீ ஒண்ணும் சொல்லாம இறங்கிப் போயிட்டே."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஸ்டீயரிங்ல தலைய வச்சுப் படுத்துட்டேன். முடிஞ்சுது, நாளைக்கே நோவ்கோரத்துக்குத் திரும்பிடணும்னு நினைச்சேன். அப்புறம் நீ பயணிங்கள விட்டுட்டு ஓடி வந்தே. கதவுகிட்ட நின்னு, தம்பி சம்மதிக்கிறான்னு சொன்னே. படியில ஒரு கால வச்சுக்கிட்டு. வலப்பக்கக் கதவு. எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது."

"இடப்பக்கம்."

நான் சால்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் எரிச்சலோடு என்னைப் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்பதை அவள் கவனிக்கவே இல்லை. நான் சொன்னது தப்பு என்பது மட்டும்தான் அவள் முகத்தில் இருந்தது.

"இடப்பக்கம்," என்றாள் மறுபடியும். இடக்கையைத் தூக்கி, விரலை மடக்கி, காற்றில் இரண்டு முறை தட்டினாள். கண்ணாடியைத் தட்டுவதுபோல.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கதவு மூடியிருந்தது. நான்தான் மூடியிருந்தேன், குளிருக்காக. அவள் பேருந்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் குட்டை. கணுக்கால் வரை சேறு. என் ஜன்னல் அவளுக்கு எட்டவில்லை. நுனிக்காலில் நின்று, எட்டி, மடக்கிய விரலால் கண்ணாடியைத் தட்டினாள். நான் தலையைத் தூக்கினேன். இடப்பக்கம் எப்போதும் லாரிகள்தான் தெரியும். அன்று அவள் முகம் தெரிந்தது. மூச்சுப்பட்டுக் கண்ணாடி மங்கியது. நான் ஜன்னலைத் திறந்தேன். அவள் சொன்னாள். சேறு ஒட்டிய காலணியோடு மேலே ஏறிப் போய் இளவரசியின் கதையைச் சொன்னாள்.

அவள் சொல்வதுதான் சரி.

கீழே மத்வேய் திரும்பிப் பார்த்தார். தூண்டில் அவர் கையில் சாய்ந்துகொண்டே போனது. வாயைத் திறந்தார், மூடினார்.

நான் ரிம்மாவின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். தரை ஈரமாக இருந்தது.

"வலப்பக்கம்தான்," என்றேன். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"இடப்பக்கம்."

"பஸ்ல கதவு எந்தப் பக்கம் இருக்கும்? ஓட்டுனவன் நானா, நீயா?"

"இடப்பக்கம், இடப்பக்கம்."

"பிடிவாதக்காரி. ஆணி அடிக்கிறவளே."

அவள் உதடுகள் திறந்தன. நாக்கு மேலே போய் ஏதோ ஒன்றைத் தேடியது. மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது. நான் எதிர்பார்க்காததுபோல என் காலணியின் சேற்றைப் பார்த்தேன்.

"கூ," என்றாள். பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு, "கூழ்."

"கூழா? யாரு?"

அவள் இடக்கையின் விரலால் என் நெற்றியைத் தட்டினாள். இரண்டு முறை.

நான் எழுந்து, சக்கரத்துக்கு வைத்த கற்களை எடுத்தேன். சரிவில் நாற்காலியைத் தள்ளியபடியே, வலப்பக்கம்தான் என்று மறுபடியும் தொடங்கினேன். பாலம் வரை சண்டை போட்டோம். பாலத்தைத் தாண்டியும் போட்டோம். ரொட்டிக் கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். க்வாஸ் விற்ற பெண்ணும் அதில் நின்றிருந்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

எங்கள் தெருவின் முனையில் எனக்கு மூச்சு வாங்கியது. ஒப்புக்கொண்டுவிடலாம் போல இருந்தது. அவள் கழுத்தைத் திருப்பி, நான் ஏன் பேசவில்லை என்று பார்த்தாள்.

"வலப்பக்கம்," என்றேன்.